சிதறும் வாக்குகளின் பேரேடு

2020 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் முதன்மைத் தேர்தல் நடந்தது. அதிபர் வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்காரர்களும், எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்களும் சேர்ந்து தீர்மானிக்கும் தேர்தல் அது. 1,000 டாலர் கட்டிவிட்டால் வாக்குச்சீட்டில் பெயர் ஏறிவிடும். அப்படி ஏறிய பெயர்கள் 33. பதிவான வாக்குகள் 2,98,377. கட்சியின் தேசிய மாநாட்டுக்கு இந்த முடிவின்படி அனுப்ப வேண்டிய பிரதிநிதிகள் 24 பேர்.

வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கருத்துக்கணிப்பாளர்கள் கேட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேர், யாருக்கு வாக்கு என்பதைக் கடைசிச் சில நாள்களில்தான் முடிவு செய்ததாகச் சொன்னார்கள். இன்னொரு கேள்விக்கு வந்த பதில் அதைவிட முக்கியம். கொள்கையில் ஒத்துப்போகிறவரைவிட அன்றைய அதிபர் டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவரே வேண்டும் என்றவர்கள் பத்தில் ஆறு பேர். தனக்குப் பிடித்தவர் யார் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மற்றவர்களுக்கு யாரைப் பிடிக்கும் என்றும் கணக்குப் போட்டார்கள்.

இப்படிப்பட்டவர்களை மதில்மேல் பூனை என்று கேலி செய்வது எளிது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. நெரிசலான தேர்தலில் ஒரு வாக்கின் மதிப்பைத் தீர்மானிப்பவை இரண்டு: எண்ணும் விதி, வாக்களிக்கும் தேதி. வாக்காளரின் புத்திசாலித்தனம் அதற்கு அப்புறம்தான்.

நியூ ஹாம்ப்ஷயர், 2020

பெர்னி சாண்டர்ஸ்: 76,384 வாக்குகள், 25.6%, 9 பிரதிநிதிகள்
பீட் புட்டிஜெஜ்: 72,454 வாக்குகள், 24.3%, 9 பிரதிநிதிகள்
ஏமி குளோபுஷார்: 58,714 வாக்குகள், 19.7%, 6 பிரதிநிதிகள்
எலிசபெத் வாரன்: 27,429 வாக்குகள், 9.2%, பூஜ்யம்
ஜோ பைடன்: 24,944 வாக்குகள், 8.4%, பூஜ்யம்
மற்ற அனைவரும், கையால் எழுதிப் போட்ட பெயர்கள் உட்பட: 38,452 வாக்குகள், 12.9%, பூஜ்யம்

முதல் மூவருக்கும் சேர்த்து 2,07,552 வாக்குகள். மீதி 90,825. பதிவானதில் 30.4 சதவீத வாக்குகளுக்கு ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்கவில்லை. அவை செல்லாத வாக்குகள் அல்ல. முறையாகப் பதிவாகி, முறையாக எண்ணப்பட்டு, பங்கீட்டின்போது மட்டும் காணாமல் போனவை.

காரணம் 15 சதவீத விதி. ஜனநாயகக் கட்சி எல்லா மாநிலங்களிலும் பிரதிநிதிகளை விகிதப்படி பங்கிடுகிறது. ஆனால் 15 சதவீதத்தை எட்டியவர்களுக்குள் மட்டும்தான் பங்கு. நம் ஊர்த் தேர்தல் மொழியில் டெபாசிட் இழப்பதைப் போன்றது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பறிபோவது வேட்பாளர் கட்டிய பணம் அல்ல, வாக்காளரின் பங்கு. நியூ ஹாம்ப்ஷயரில் 15 சதவீதம் என்பது 44,757 வாக்குகள். வாரனுக்குக் குறைந்தது 17,328. பைடனுக்கு 19,813.

24 பேரும் ஒரே பையிலிருந்து பங்கிடப்படுவதும் இல்லை. இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகளுக்குத் தலா 8, மாநில அளவில் 5, கட்சித் தலைவர்களுக்கும் பதவியில் இருப்பவர்களுக்கும் 3 என்று நான்கு பைகள். ஒவ்வொன்றிலும் தனியாக வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். அதனால்தான் 3,930 வாக்குகள் அதிகம் வாங்கிய சாண்டர்ஸுக்கும் இரண்டாவதாக வந்த புட்டிஜெஜுக்கும் அதே 9. ஒரு பிரதிநிதிக்கு ஆன வாக்குகளைப் பார்த்தால் புட்டிஜெஜுக்கு 8,050, சாண்டர்ஸுக்கு 8,487, குளோபுஷாருக்கு 9,786.

15 சதவீத விதிக்குள் எத்தனை பேருக்கு இடமுண்டு? ஆறு பேர் வந்தாலே 90 சதவீதம் ஆகிவிடும். ஆக, வாக்குச்சீட்டில் எத்தனை பெயர் இருந்தாலும் பங்கு பெறக்கூடியவர்கள் அதிகபட்சம் ஆறு பேர். நடைமுறையில் இரண்டு, மூன்று. கணக்குப் போட்டு வாக்களிப்பவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அந்த இரண்டு மூன்று பேர் யார் என்பதைத்தான். அந்தத் தகவல் கடைசி வாரத்தில்தான் கிடைக்கிறது.

2020-இல் அது இன்னும் தாமதமாக வந்தது. பிப்ரவரி 3 அன்று, வரிசையில் முதலாவதாக நடந்த அயோவா கட்சிக் கூட்டங்களின் முடிவு, புதிய செயலி சொதப்பியதால் அன்றிரவு வெளிவரவில்லை. பிப்ரவரி 7 அன்று மான்செஸ்டரில் தொலைக்காட்சி விவாதம். அதில் குளோபுஷார் நன்றாகப் பேசினார் என்று பேச்சு பரவியது. கருத்துக்கணிப்புகளில் ஒற்றை இலக்கத்தில் இருந்தவர் நான்கே நாளில் ஐந்தில் ஒரு பங்கு வாக்கை வாங்கினார். நியூ ஹாம்ப்ஷயரில் முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி கிடையாது. வெளியூரில் இருப்பவர், உடல்நலமில்லாதவர் போன்றோருக்குத்தான் தபால் வாக்கு. எனவே பெரும்பாலானவர்களுக்குக் காத்திருப்பதில் இழப்பு எதுவும் இல்லை. பதிவான வாக்காளர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் எந்தக் கட்சியையும் சேராதவர்கள். அன்று காலையில்கூட எந்தக் கட்சியின் சீட்டை வாங்குவது என்று அவர்கள் முடிவு செய்யலாம்.

தவறிப்போன கணிப்பு

டிரம்பைத் தோற்கடிப்பவர் வேண்டும் என்று பத்தில் ஆறு பேர் தேடிய மாநிலத்தில், ஒன்பது மாதங்களில் டிரம்பைத் தோற்கடித்தே காட்டிய பைடனுக்குக் கிடைத்தது 8.4 சதவீதம், ஐந்தாவது இடம். 18 நாள் கழித்து, பிப்ரவரி 29 அன்று, தென் கரோலினாவில் அவர் வாங்கியது 2,62,336 வாக்குகள், 48.7 சதவீதம், 54 பிரதிநிதிகளில் 39.

பின்னால் நடந்ததை வைத்து முன்னால் வாக்களித்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் கணக்கின் பலவீனம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. ‘இவர் தேறமாட்டார்’ என்று எல்லோரும் நினைத்து விலகினால் அவர் தேறவே மாட்டார், கணிப்பே காரணமாகிவிடுகிறது. நியூ ஹாம்ப்ஷயரில் பைடனை விட்டுச் சென்றவர்கள் அயோவாவில் அவருக்குக் கிடைத்த நான்காம் இடத்தைப் பார்த்துச் சென்றார்கள். தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள் எப்படி வாக்களிப்பார்கள் என்ற விவரம் அவர்கள் கையில் இல்லை.

இன்னொரு கூட்டலும் அப்போது பிரபலமாக இருந்தது. புட்டிஜெஜ், குளோபுஷார், பைடன் மூவரும் மிதவாதிகள்: கூட்டினால் 1,56,112, அதாவது 52.3 சதவீதம். சாண்டர்ஸும் வாரனும் இடதுசாரிகள்: கூட்டினால் 1,03,813, அதாவது 34.8 சதவீதம். ஆகவே மிதவாதிகள் ஒன்றுசேர்ந்திருந்தால் சாண்டர்ஸ் தோற்றிருப்பார் என்பது வாதம். கூட்டல் சரி. ஆனால் வாக்காளர்கள் இப்படி வரிசை கட்டி நிற்பதில்லை. மார்னிங் கன்சல்ட் நிறுவனம் 2019-இல் தொடர்ந்து நடத்திய கணிப்புகளில், பைடன் ஆதரவாளர்களின் இரண்டாவது தேர்வாக அடிக்கடி முதலிடத்தில் வந்த பெயர் சாண்டர்ஸ்.

தென் கரோலினா, 2016

அதே மாநிலம், நான்கு ஆண்டுகள் முன்பு, எதிர்க்கட்சி. 2016 பிப்ரவரி 20 அன்று நடந்த குடியரசுக் கட்சியின் முதன்மைத் தேர்தல்.

டொனால்ட் டிரம்ப்: 2,40,882 வாக்குகள், 32.5%, 50 பிரதிநிதிகள்
மார்கோ ரூபியோ: 1,66,565 வாக்குகள், 22.5%, பூஜ்யம்
டெட் குரூஸ்: 1,65,417 வாக்குகள், 22.3%, பூஜ்யம்
ஜெப் புஷ்: 58,056 வாக்குகள், 7.8%, பூஜ்யம்
ஜான் கேசிக்: 56,410 வாக்குகள், 7.6%, பூஜ்யம்
பென் கார்சன்: 53,551 வாக்குகள், 7.2%, பூஜ்யம்

டிரம்புக்கு எதிராக விழுந்தவை 4,99,999. ஐந்து லட்சத்துக்கு ஒன்று குறைவு. அவற்றால் கிடைத்த பிரதிநிதிகள் பூஜ்யம். இங்கே விதி வேறு: மாநிலத்தில் முதலில் வந்தவருக்கு 29 பிரதிநிதிகள், ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலில் வந்தவருக்கு 3. டிரம்ப் ஏழையும் வென்றார். 29-உம் 21-உம் சேர்த்து 50. ஒரு பிரதிநிதிக்கு அவருக்கு ஆனது 4,818 வாக்குகள்.

கணக்குப் போட்டு வாக்களிக்க இதைவிடப் பொருத்தமான களம் இல்லை என்று தோன்றும். கடைசி மூவரின் வாக்குகள் 1,68,017. ரூபியோ டிரம்பைத் தாண்டத் தேவைப்பட்டவை 74,318. அந்த மூவரின் ஆதரவாளர்களில் 44 சதவீதம் பேர் ரூபியோ பக்கம் வந்து, மற்றவர்கள் யாரும் டிரம்ப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் போதும்.

‘யாரும் போகாமல்’ என்ற நிபந்தனையில்தான் சிக்கல். அந்த மூவரின் வாக்குகளில் கால் பங்கு, 42,004, டிரம்புக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மீதியுள்ள 1,26,013-இல் ரூபியோவுக்கு 1,16,322 வேண்டும். 44 சதவீதம் 92 சதவீதமாகிவிடுகிறது. குரூஸுக்கு ஒரு வாக்குகூடப் போகக்கூடாது என்பதற்குச் சற்றுக் குறைவான நிலை அது.

அடுத்த சிக்கல் இன்னும் அடிப்படையானது. எல்லோரும் ஒருவர் பின்னால் திரள வேண்டும் என்றால், யார் பின்னால்? ரூபியோவுக்கும் குரூஸுக்கும் இடையே இருந்தது 1,148 வாக்குகள், 0.15 சதவீதப் புள்ளி. 500 பேரிடம் கேட்கும் சாதாரணக் கருத்துக்கணிப்பில் தவறின் எல்லை நான்கு புள்ளிக்கு மேல். இருவரில் யார் முன்னால் என்று நம்பகமாகச் சொல்ல, வழக்கமான மாதிரிச் சூத்திரப்படி, சுமார் 7 லட்சம் பேரிடம் கேட்டிருக்க வேண்டும். வாக்களித்தவர்களே 7,40,881 பேர்தான். தேர்தலையே நடத்திப் பார்த்தால்தான் தெரியும் விவரத்தைத் தேர்தலுக்கு முன்பே தெரிந்துகொண்டு வாக்களிக்கச் சொல்வதுதான் இந்தக் கணக்கு.

ஒருமுறை அது பலித்தது. 2016 மார்ச் 15 அன்று ஓஹையோவில் வென்றவருக்கே 66 பிரதிநிதிகளும். அதற்குச் சில நாள் முன்பு ரூபியோவின் தரப்பே தங்கள் ஓஹையோ ஆதரவாளர்களை அம்மாநில ஆளுநர் கேசிக்குக்கு வாக்களிக்கச் சொன்னது. கேசிக் சுமார் 47 சதவீதம் வாங்கி வென்றார். டிரம்புக்கு சுமார் 36. ரூபியோவுக்கு 3 சதவீதத்துக்கும் குறைவு. கேசிக் சொந்த மண்ணில் நின்றதும், ரூபியோவின் அலை ஏற்கெனவே ஓய்ந்திருந்ததும் இதில் சேர்ந்த காரணங்கள். ஆனாலும் கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே யார் பின்னால் திரள்வது என்பதை வாக்காளர் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அதே நாளில் ரூபியோவின் சொந்த மாநிலமான புளோரிடாவில் கேசிக் தரப்பு பதில் மரியாதை செய்யவில்லை. அங்கே 99 பிரதிநிதிகளும் டிரம்புக்கே போனார்கள்.

கலிபோர்னியா, 2020

இப்போது தேதியின் கணக்கு. கலிபோர்னியாவின் தேர்தல் நாள் 2020 மார்ச் 3. ஆனால் முன்கூட்டிய வாக்களிப்பு 29 நாள் முன்னதாக, பிப்ரவரி 3 அன்றே தொடங்கியது. அயோவா கூடிய அதே நாள். அதாவது, எந்த மாநிலத்தின் முடிவும் தெரியாமலே வாக்கைப் போட்டுவிடலாம்.

பிப்ரவரி 29 அன்று வேட்பாளர் டாம் ஸ்டேயர் போட்டியிலிருந்து விலகினார். மார்ச் 1 அன்று புட்டிஜெஜ். மார்ச் 2 அன்று குளோபுஷார். வாக்குச்சீட்டில் அவர்களின் பெயர்கள் அப்படியே இருந்தன. முடிவு:

புட்டிஜெஜ்: 2,49,256
குளோபுஷார்: 1,26,961
ஸ்டேயர்: 1,13,092
கூட்டுத்தொகை: 4,89,309

பதிவான 57,84,364 வாக்குகளில் இது 8.5 சதவீதம். போட்டியிலேயே இல்லாத மூவருக்கு விழுந்தது நியூ ஹாம்ப்ஷயரின் மொத்த வாக்குகளைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். விலகியது தெரிந்தும் விசுவாசத்தால் போட்டவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் முன்பே தபாலில் அனுப்பியவர்களுக்குத் திருத்த வழியில்லை. ஒரு முறை போட்ட வாக்கைத் திரும்பப் பெற முடியாது. சீக்கிரம் முடிவெடுப்பது குடிமகனின் நல்ல பழக்கம் என்று பாராட்டுகிறோம். அந்தப் பழக்கத்துக்கான அபராதம் இந்த எண்.

பங்கீட்டிலும் விதி தன் வேலையைக் காட்டியது. கலிபோர்னியாவின் 415 பிரதிநிதிகளில் 144 மாநில அளவில், 271 தொகுதிவாரியாக. வாரன் மாநில அளவில் 13.2 சதவீதமும், மைக்கேல் புளூம்பெர்க் 12.1 சதவீதமும் வாங்கி 15-ஐ எட்டாமல் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை, தொகுதிகளில் ஆங்காங்கே எல்லையைத் தாண்டியதால் வந்தவை மட்டுமே. ஒரு பிரதிநிதிக்கு ஆன வாக்குகள்:

சாண்டர்ஸ் (225 பிரதிநிதிகள்): 9,248
பைடன் (172): 9,383
வாரன் (11): 69,323
புளூம்பெர்க் (7): 1,00,258

ஒரே மாநிலம், ஒரே நாள், ஒரே கட்சி. சாண்டர்ஸுக்குப் போட்ட ஒருவரின் வாக்கு, புளூம்பெர்க்குக்குப் போட்டவரின் வாக்கைவிட ஏறத்தாழ 11 மடங்கு எடை பெற்றது.

பணக் கணக்கு

பணத்தால் இந்த எல்லையைத் தாண்ட முடியுமா என்ற கேள்விக்கு மூன்று வரிகள் போதும். புஷ்ஷுக்காக இயங்கிய ‘ரைட் டு ரைஸ்’ அமைப்பு திரட்டியது 10 கோடி டாலருக்கு மேல்; புஷ் பெற்ற பிரதிநிதிகள் 4. ஸ்டேயர் செலவழித்தது 30 கோடி டாலருக்கு மேல், பிரதிநிதிகள் பூஜ்யம். புளூம்பெர்க் செலவழித்தது 100 கோடி டாலருக்கு மேல். கலிபோர்னியாவில் கிடைத்தவர்கள் மேலே சொன்ன 7 பேர். பணத்தால் பெயரை எல்லோருக்கும் தெரிய வைக்க முடிந்தது. ‘மற்றவர்களும் இவருக்குத்தான் போடுவார்கள்’ என்று நம்ப வைக்க முடியவில்லை.

மெய்ன், 2018

இந்தப் பேரேட்டின் நான்காவது பக்கம் வேறு மாதிரி. 2018 ஜூன் 12 அன்று மெய்ன் மாநில ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி முதன்மைத் தேர்தலில் 7 பேர் போட்டியிட்டார்கள். வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் உள்ளவர்களை நீக்கி, அவர்களின் வாக்குகளை அடுத்த தேர்வுக்கு மாற்றுவார்கள். மாநில அளவிலான முதன்மைத் தேர்தலில் அமெரிக்காவில் இந்த முறை முதன்முதலாகப் பயன்பட்டது அங்கேதான். 2010-இல் பால் லெபாஜ் 38 சதவீதத்துக்கும் குறைவான வாக்கில் ஆளுநரானது இந்த மாற்றத்துக்கு ஒரு தூண்டுதல்.

முதல் எண்ணிக்கையில் ஜேனட் மில்ஸ் 41,735, ஆடம் கோட்டி 35,478, பெட்சி ஸ்வீட் 20,767, மார்க் ஈவ்ஸ் 17,887, மற்றவர்கள் 10,272. மொத்தம் 1,26,139. மில்ஸுக்கு 33.1 சதவீதம், தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கிய பங்கும் ஏறத்தாழ இதேதான். அங்கே அந்தப் பங்கு எல்லாவற்றையும் அள்ளியது. இங்கே எண்ணிக்கை தொடர்ந்தது.

கடைசிச் சுற்றில் மில்ஸ் 63,384, கோட்டி 53,866. முதல் தேர்வாக வேறு யாரையோ போட்ட 48,926 பேரின் வாக்குகள் எங்கே போயின என்று இங்கே வரவு வைக்கலாம்: மில்ஸுக்கு 21,649, கோட்டிக்கு 18,388, கடைசிச் சுற்றை எட்டாமல் நின்றவை 8,889. ஒரு வாக்குகூட விடுபடாமல் கணக்கு நேராகிறது. ஸ்வீட்டும் ஈவ்ஸும் பிரசாரத்தின்போதே, ‘என்னை முதலில் போடுங்கள், அவரை இரண்டாவதாகப் போடுங்கள்’ என்று பரஸ்பரம் சிபாரிசு செய்துகொண்டார்கள். வியூகத்தை வாக்காளர் இரகசியமாக ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. வேட்பாளர்களே மேடையில் சொன்னார்கள்.

இதற்கும் செலவு உண்டு. முடிவு வர எட்டு நாள் ஆனது. ஜூன் 20 அன்றுதான் அறிவித்தார்கள். வரிசைப்படுத்தாமல் ஒரே பெயரோடு நிறுத்தியவர்களின் வாக்கு பாதி வழியில் நின்றது. வியூகமே தேவைப்படாத முறை என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர்கள் இருந்தால், சர்வாதிகாரம் அல்லாத எந்தத் தேர்தல் முறையிலும் கணக்குப் போட்டு வாக்களிப்பவருக்கு ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில் லாபம் உண்டு என்று ஆலன் கிப்பர்ட் 1973-இலும் மார்க் சாட்டர்த்வைட் 1975-இலும் தனித்தனியே நிறுவிவிட்டார்கள்.

ஐந்தொகை

முடிவைத் தீர்மானித்த கடைசிக் கணக்கில் சேராமல் போன வாக்குகள்:

தென் கரோலினா 2016, வென்றவருக்கே எல்லாம்: 67.5%
நியூ ஹாம்ப்ஷயர் 2020, 15 சதவீத எல்லை: 30.4%
மெய்ன் 2018, வரிசைப்படுத்தல்: 7.0%

மூன்றும் ஒரே வகைத் தேர்தல் அல்ல. முதல் இரண்டில் பங்கிடப்பட்டவர்கள் பிரதிநிதிகள். மூன்றாவதில் இருந்தது ஒரே பதவி, அதில் கோட்டிக்குப் போட்டவர்கள் தோற்றவர்கள்தான். ஆனால் தோற்பதும் கணக்கிலேயே வராமல் போவதும் ஒன்றல்ல. கோட்டியின் 53,866 வாக்குகள் மில்ஸின் வாக்குகளோடு நேருக்கு நேர் எண்ணப்பட்ட பிறகு தோற்றன. புஷ்ஷின் 58,056 வாக்குகளுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை.

வரிசைப்படுத்தலையும் 15 சதவீத எல்லையையும் சேர்க்கவும் முடியும். 2020-இல் அலாஸ்கா, வயோமிங், கன்சாஸ், ஹவாய் மாநிலங்களின் ஜனநாயகக் கட்சியினர் அதையே செய்தார்கள்: வாக்காளர் வரிசைப்படுத்துவார், 15 சதவீதத்தை எட்டாதவர்களின் வாக்கு அடுத்த தேர்வுக்கு மாறும். கலிபோர்னியாவின் 4,89,309 வாக்குகளுக்கு இந்த வசதி இருந்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி யாராவது ஒருவரின் கணக்கில் ஏறியிருக்கும். ஆனால் அந்த நான்கு மாநிலங்களிலும் முடிவு வந்தது ஏப்ரல் 8-க்குப் பிறகு, சாண்டர்ஸ் விலகிப் போட்டியே முடிந்த பின்.

நெரிசலான தேர்தலில் நிற்கும் வாக்காளருக்கு இந்தப் பேரேடு தரும் ஆலோசனை சுருக்கமானது. விதி என்ன என்று முதலில் பாருங்கள். வென்றவருக்கே எல்லாம் என்றால் முதல் இருவருக்கு வெளியே வாக்குக்குப் பலன் இல்லை, 15 சதவீத எல்லை என்றால் அதைத் தாண்டுவோருக்கு வெளியே இல்லை. முதல் இருவர் யார் என்பது கருத்துக்கணிப்பின் தவறு எல்லைக்குள் இருந்தால் கணக்கை விட்டுவிட்டுப் பிடித்தவருக்குப் போடுங்கள்; ஊகத்துக்காக விருப்பத்தை விற்பதில் லாபமில்லை. காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள்.

கட்சிகளுக்கு அது தரும் ஆலோசனை இன்னும் சுருக்கம். லட்சக்கணக்கான வாக்காளர்கள் ஒருவர் மனதை ஒருவர் ஊகித்து, ஒரே வாரத்தில் ஒருமித்து முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட, வாக்குச்சீட்டில் இரண்டாவது தேர்வுக்கு ஒரு கட்டம் கூடுதலாக அச்சிடுவது மலிவு. மெய்ன் வாக்காளர்களுக்கு அதனால் ஆன தாமதம் எட்டு நாள்.